பள்ளிப் பிள்ளைகளுடன் ஆர்ட் குயில்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துணியில் படம் செய்யும் வகுப்புகளைப் பள்ளிகளில் எடுத்து வருகிறேன். வகுப்புக்கு முன்னால் ஆசிரியர்களும், முடிந்த பிறகு அம்மாக்களும் கேட்கிற கேள்விகள் எந்தப் பள்ளிக்குப் போனாலும் கிட்டத்தட்ட இவைதான். தையல் தெரிந்தவர்களுக்குச் சில பதில்கள் அரிச்சுவடியாகத் தோன்றும், தாண்டிப் போய்விடுங்கள்.

ஆர்ட் குயில்ட் என்பது என்ன?

மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு விரிப்போ பழைய துணியோ, அடியில் இன்னொரு துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையல். இவ்வளவு இருந்தால் அது குயில்ட். போர்த்திக்கொள்ள இல்லாமல் சுவரில் மாட்டிப் பார்ப்பதற்காகச் செய்தால் ஆர்ட் குயில்ட். மேல்துணியில் ஒட்டுவேலை (துணித் துண்டுகளை வெட்டி மேலே வைத்துத் தைப்பது) இருக்கலாம், எம்பிராய்டரி இருக்கலாம், பெயின்ட் அடித்திருக்கலாம், கதையையே எழுதியும் வைக்கலாம்.

1971-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய படுக்கைக் குயில்ட்டுகளை எடுத்து, நவீன ஓவியங்களை மாட்டுவதுபோலச் சுவரில் மாட்டியது. கட்டிலில் கிடந்தவரை யாரும் உற்றுப் பார்க்காத நிறக்கணக்கு அப்போதுதான் பலர் கண்ணில் பட்டது. 1979-ல் ஒஹாயோ மாநிலத்தின் ஏதன்ஸ் ஊரில், பால்பண்ணைக் கொட்டகையாக இருந்த ஒரு கட்டடத்தில், குயில்ட் நேஷனல் என்ற கண்காட்சி தொடங்கியது. வழக்கமான குயில்ட் போட்டிகளில் புதுமாதிரி வேலைகளுக்கு இடம் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம்.

நம் பக்கம் இப்படி ஏதாவது உண்டா?

பழைய சேலைகளை அடுக்கித் தைத்து விரிப்பாக்குவது இந்தியா முழுக்க இருக்கிறது. வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, மகாராஷ்டிரத்தில் கோதடி. கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் செய்வதற்குக் கவந்து என்று பெயர். அதை ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். கடைசியில் நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த சின்னத் துண்டுகளை வைத்துத் தைப்பார்கள். பூ என்று அவர்கள் சொல்கிற அந்தத் துண்டுகள் இல்லாமல் கவந்து முடிந்ததாகக் கணக்கில்லை. படம் காட்டும்போது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிப்பது அந்த மூலைதான்.

தமிழ்நாட்டில் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தேர்ச்சீலைகளும் தேரில் உருளையாகத் தொங்கும் தொம்பைகளும் வண்ணத் துணிகளை வெட்டி வைத்துத் தைப்பவை. மூன்றடுக்கு இல்லாததால் அது குயில்ட் ஆகாது. ஆனால் ஒட்டுவேலை என்றால் என்ன என்று விளக்க வேறு உதாரணமே வேண்டாம். தேரோட்டம் பார்த்த பிள்ளைக்குச் சொன்னவுடனே புரிந்துவிடும்.

எந்த வயதில் தொடங்கலாம்?

யூகேஜி பிள்ளைகூடத் துணியை நிறம் பார்த்துப் பிரிக்கும், கிழிக்கும், காகிதத்தில் ஒட்டும். ஆறு, ஏழு வயதில் மழுங்கிய முனையுள்ள பெரிய ஊசியும் சாக்குத் துணியும் கொடுங்கள். சாக்கின் இழைகளுக்கு நடுவே ஓட்டை தெரிவதால் ஊசி தானாகவே வழி கண்டுபிடித்துக்கொள்ளும். மூன்றாம் வகுப்பிலிருந்து கூர் ஊசி. ஒட்டுவேலையில் ஓரத்தை உள்ளே மடித்துத் தைப்பது ஆறாம் வகுப்புக்கு மேல்தான் சரிப்படும். அதற்கு முன் கேட்டால் பிள்ளைக்கும் எரிச்சல், நமக்கும் எரிச்சல்.

என்னென்ன வாங்க வேண்டும்?

வாங்குவதைவிடச் சேர்ப்பது அதிகம். தெருமுனை டெய்லரிடம் வெட்டுத்துணி கேட்டால் ஒரு பை நிறையக் கொடுப்பார். கடையில் வாங்க வேண்டியவை: காடாத் துணி, எட்டாம் நம்பர் போல நடுத்தரமான தையல் ஊசிகள், ஆங்கர் எம்பிராய்டரி நூல், குண்டூசி, ஊக்கு, நான்கு பேருக்கு ஒன்று வீதம் நல்ல கத்தரிக்கோல். கத்தரியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். காகிதம் வெட்டி மொண்ணையான கத்தரி துணியை மெல்லும், வெட்டாது.

பஞ்சு விரிப்பு வாங்க வேண்டுமா? சுவரில் மாட்டப்போகிற குயில்ட்டுக்குத் தேவையில்லை. பழைய பருத்திப் போர்வை போதும், அல்லது நைந்த பருத்திச் சேலையை இரண்டாக மடித்து வையுங்கள். ஊசியும் சுலபமாக இறங்கும்.

எந்தத் துணி நல்லது, எது ஆகாது?

பாப்ளின், ரூபியா, காடா, பழைய பருத்திச் சேலை, லுங்கி எல்லாம் நல்லவை. நைலான், ஜார்ஜெட், சாட்டின் வேண்டாம். பிள்ளை கையில் வழுக்கும், இஸ்திரி சூட்டில் சுருங்கும். ஜீன்ஸ் பார்க்க அழகு, ஆனால் அதில் ஊசி ஏற்றச் சின்ன விரல்களுக்குப் பலம் போதாது.

கட்டம் போட்ட துணி கிடைத்தால் விடாதீர்கள். முதல்முறை ஊசி பிடிக்கிற பிள்ளைக்குக் கோடு போட்டுத் தர வேண்டியதில்லை, கட்டமே கோடு. லுங்கி, கண்டாங்கிச் சேலை, சின்னதாகிப்போன யூனிஃபார்ம் சட்டை எல்லாம் இதற்குத் தோது. யூனிஃபார்மில் இன்னொரு வசதி, எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கும். துணி இல்லை என்று எந்தப் பிள்ளையும் தலைகுனிய வேண்டாம்.

எதையும் வெட்டுவதற்கு முன் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். புதுப் பருத்தி சுருங்கும். சிவப்பும் கருநீலமும் சாயம் விடும். ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்து அழுத்தித் தேய்த்தால் தெரிந்துவிடும். சாயம் ஒட்டினால் அந்தத் துணியை ஒதுக்கிவிடுவது நல்லது.

ஒரு வகுப்புக்கு அளவுக் கணக்கு எப்படிப் போடுவது?

36 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் 8 அங்குலச் சதுரம். 36 அங்குல அகலக் காடாவில் ஒரு வரிசைக்கு 4 சதுரம், 9 வரிசைக்கு 72 அங்குலம். 2 மீட்டர் வாங்கினால் போதும். இணைக்கும்போது ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் தையலுக்குள் போகும். பெரியவர்கள் கால் அங்குலம்தான் விடுவார்கள், பிள்ளைகள் வெட்டியதற்குக் கால் அங்குலம் பத்தாது. ஆக ஒரு சதுரம் 7 அங்குலமாக நிற்கும். ஆறுக்கு ஆறு வைத்தால் 42 அங்குலச் சதுரக் குயில்ட்.

அடித்துணிக்கும் நடுத்துணிக்கும் பக்கத்துக்கு 2 அங்குலம் கூடுதலாக, 46 அங்குலம் வேண்டும். பழைய நாலுமுழ வேட்டி ஒன்றின் அகலமே அடித்துணிக்குச் சரியாக இருக்கும். சுற்று ஓரம் 168 அங்குலம், அதாவது நாலேகால் மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதற்குத் தனியாகப் பட்டி வெட்டாமல், பழைய பருத்திச் சேலையின் கரையை இரண்டரை அங்குல அகலத்துக்கு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். சேலை ஐந்தரை மீட்டர் நீளம் இருப்பதால் ஒட்டுப் போடாமல் ஒரே கரை முழுக்கச் சுற்றி வந்துவிடும்.

ஒரு ரகசியம்: பிள்ளைகளிடம் சதுரத்தைக் கொடுக்கும்போதே விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே பென்சிலால் கோடு போட்டுக் கொடுங்கள். கோட்டுக்கு வெளியே படம் போகக் கூடாது என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் இணைக்கும்போது யானைக்குத் தும்பிக்கை இருக்காது.

ஊசி குத்தாதா? பள்ளி நிர்வாகம் பயப்படுகிறதே?

குத்தும். ஒரு சொட்டு ரத்தம் வரும், பிளாஸ்திரி ஒட்டினால் அடுத்த நிமிடம் மறந்துபோகும். உண்மையில் பயப்பட வேண்டியது கீழே விழுந்த ஊசிக்கு. நான்கு பேருக்கு ஒரு ஊசிக்குஷன், அதில் நான்கே ஊசி, துணியில் அந்த எண்ணை எழுதி வையுங்கள். மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன் எண்ணிப் பார்த்துத் திருப்பி வாங்குங்கள். ஒன்று குறைந்தால் யாரும் எழுந்திருக்கக் கூடாது; ஒரு காந்தத்தைத் தரையில் ஓட்டினால் சிக்கிவிடும். வாயில் ஊசியைக் கவ்வுவதை முதல் நாளே தடை செய்யுங்கள். நாம் அதைச் செய்யாமல் இருப்பதுதான் சிரமம்.

முதல் தையலை எப்படிச் சொல்லித்தருவது?

ஓட்டுத்தையல் ஒன்று போதும், ஊசியைக் கீழும் மேலுமாக விட்டு நேராகப் போகிற தையல். ஒரு வருடம் முழுக்க அதை வைத்தே ஓட்டலாம். காந்தாவில் மீனும் தாமரையும் பெரும்பாலும் அந்த ஒரே தையலில் வந்தவைதான்.

நூலை ஒரு முழம் மட்டும் வெட்டச் சொல்லுங்கள், அவரவர் கை முழம். அதற்கு மேல் போனால் சிக்கும். ஆங்கர் நூலில் ஆறு இழை இருக்கும். மூன்றைப் பிரித்துக் கோர்த்தால் தையல் எடுப்பாகத் தெரியும், ஊசியிலும் நுழையும். நுனியை எச்சில் தொட்டுக் கோர்ப்பதுதான் நம் எல்லாருடைய வழக்கமும். ஒரே ஊசி பல கை மாறுகிற வகுப்பில் அது வேண்டாம், கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள்.

முடிச்சுதான் பெரிய தடை. ஆள்காட்டி விரலில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, கட்டைவிரலால் உருட்டித் தள்ளி இழுப்பதை நாம் யோசிக்காமல் செய்கிறோம். பிள்ளைக்கு அது மாயவித்தை. முதலில் தடித்த கயிற்றில் பழக்குங்கள். அப்புறம் "கீழே போ, மேலே வா" என்று வகுப்பு முழுக்க ஒன்றாகச் சொல்லிக்கொண்டு தைத்தால், தையல் துணி ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போகிற சங்கதி குறையும். இடதுகைப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைக்காமல் எதிரே உட்காரவையுங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல உங்கள் கையை அப்படியே பின்பற்றுவார்கள்.

பையன்கள் செய்வார்களா?

டெய்லர் கடையில் மெஷின் மிதிப்பது யார்? இதைக் கேட்டால் போதும், பேச்சு முடிந்தது.

யாருடைய வேலைகளைக் காட்டலாம்?

நான் முதலில் காட்டுவது ஹாரியட் பவர்ஸ். 1837-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். அவர் செய்ததில் நமக்குக் கிடைத்திருப்பவை இரண்டே குயில்ட்டுகள். ஒன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில், இன்னொன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். முதலாவதை 1886-ல் ஒரு பருத்திக் கண்காட்சியில் பார்த்த ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார், பவர்ஸ் தரவில்லை. சில வருடம் கழித்துக் கையில் காசில்லாத நேரத்தில் 10 டாலர் கேட்டார், கிடைத்தது 5 டாலர். கொடுத்த பிறகும் அதைப் பார்ப்பதற்காகவே திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்.

பாஸ்டனில் இருக்கும் குயில்ட்டில் 15 கட்டங்கள். பைபிள் கதைகளுக்கு நடுவே 1833-ல் வானமே கொட்டியதுபோல விழுந்த எரிநட்சத்திரங்கள் இருக்கின்றன. அவர் பிறப்பதற்கு முன் நடந்தது, கேட்டுக் கேட்டுத் தைத்தது. ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியாவுக்கு 500 மைல் ஓடிப்போன பெட்ஸ் என்ற பன்றியும் அதில் உண்டு. பிள்ளைகள் எரிநட்சத்திரத்தை மறந்தாலும் பெட்ஸை மறப்பதில்லை.

அது பெட்ஸ் என்று நமக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு கட்டத்துக்கும் பவர்ஸ் சொன்ன விளக்கத்தை அக்காலத்திலேயே யாரோ உட்கார்ந்து எழுதிவைத்தார்கள். இல்லாவிட்டால் அது வெறும் நாலுகால் பிராணி. என் வகுப்புகளில் நான் விடாப்பிடியாகச் செய்வது இது ஒன்றைத்தான்: பிள்ளை சதுரத்தை முடித்ததும் "இதில் என்ன நடக்கிறது?" என்று கேட்டு, சொல்வதைச் சொன்னபடியே சின்னக் காடாத் துண்டில் எழுதி, குயில்ட்டின் பின்பக்கம் அதே இடத்தில் தைத்துவிடுவது. அழியாத மார்க்கர் பேனாவால் எழுதுங்கள். திருத்தாதீர்கள். "எங்க தாத்தா வீட்டுக் கிணறு, ஆனா அதுல தண்ணி இல்ல" என்றால் அப்படியே எழுதுங்கள்.

அடுத்து ஃபெய்த் ரிங்கோல்ட். நியூயார்க்கின் ஹார்லெமில் 1930-ல் பிறந்து 2024-ல் மறைந்தவர்; பள்ளி ஓவிய ஆசிரியையாக வேலை பார்த்தவர். அவருடைய அம்மா ஆடை வடிவமைப்பாளர், முதல் குயில்ட்டை 1980-ல் அம்மாவோடு சேர்ந்தே செய்தார். 1988-ல் செய்த 'டார் பீச்' இப்போது குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது: மொட்டைமாடியில் பெரியவர்கள் சாப்பிட்டுச் சீட்டாடிக்கொண்டிருக்க, கேசி என்ற சிறுமி பாலத்துக்கு மேலே பறக்கிறாள். மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். "நீ எதுக்கு மேலே பறப்பாய்?" என்று கேட்டால் ஒரு வகுப்புக்கான படங்கள் கிடைத்துவிடும்.

நிறம் பற்றிப் பேச பீசா பட்லர். நியூஜெர்சியில் பள்ளி ஓவிய ஆசிரியையாகப் பல வருடம் இருந்தவர். பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களில் இருக்கும் ஆட்களை ஆளுயரத்துக்குத் துணியில் கொண்டுவருகிறார். முகத்துக்குத் தோல் நிறத் துணியைத் தேடாமல் நீலம், ஊதா, சிவப்பு எல்லாம் வைப்பார். "மிஸ், தோல் கலர் துணி இல்லையா?" என்று கேட்கும் பிள்ளைக்கு நான் பதில் சொல்வதில்லை, இவருடைய படத்தை எடுத்து நீட்டுவேன்.

கோடுகளும் கட்டங்களும் மட்டும் போதும் என்கிற பிள்ளைகளுக்கு அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊர்ப் பெண்களின் குயில்ட்டுகள். வயல்வேலைக் கால்சட்டைகளில் முழங்கால் பக்கம் மட்டும் வெளுக்காமல் இருக்கும் இடம் கூட அவற்றில் தெரியும், ஒட்டுப்போட்டிருந்த இடம் அது. 1942-ல் மிசூரி பெட்வே என்பவர் இறந்துபோன கணவரின் உடுப்புகளை வெட்டி ஒன்று தைத்தார்.

பிள்ளைகளின் தையல் கோணலாக இருக்கிறது. நாங்களே பிரித்துத் தைக்கலாமா?

கூடாது. பெற்றோர் வருகிற நாளுக்கு முந்தின இரவு இது நடப்பது எனக்குத் தெரியும். மறுநாள் அந்தப் பிள்ளை தன் சதுரத்தைத் தேடும், கிடைக்காது. சதுரங்களை இணைப்பது, ஓரம் கட்டுவது, சுவரில் மாட்டும் பட்டி தைப்பது எல்லாம் உங்கள் வேலை, அவற்றை உறுதியாகச் செய்யுங்கள். சதுரத்துக்குள் இருப்பது அவர்களுடையது. பிரிந்து விழுந்துவிடும் என்று தோன்றினால், அதே நிற நூலில் பக்கத்திலேயே உங்கள் தையலைப் போட்டு அவர்கள் தையலைக் காப்பாற்றுங்கள்.

தைக்காமல் பசை போட்டு ஒட்டலாமா?

ஃபெவிகால் காய்ந்தால் துணி அட்டைபோல ஆகிவிடும், பிறகு அதில் ஊசி இறங்காது. துண்டு நகராமல் இருக்க நடுவில் ஒரு பொட்டு வைக்கலாம், ஓரத்தில் வேண்டாம். பிசிர் வருகிறதே என்றால் வரட்டும். வைக்கோல், முடி, புல் எல்லாவற்றுக்கும் பிசிர்தான் அழகு. பிசிரே கூடாது என்றால் ஃபெல்ட் துணி கொடுங்கள்.

தையல் மெஷின்?

பன்னிரண்டு வயதுக்கு மேல், பக்கத்தில் ஆள் நிற்க. கால்மிதி மெஷின் மெதுவாகப் போவதால் தொடக்கத்துக்கு அதுவே நல்லது.

மூன்று அடுக்கையும் சுருக்கம் விழாமல் எப்படிச் சேர்ப்பது?

தரையில் அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்க விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி இறுக்குங்கள். மேலே நடுத்துணி, அதற்கு மேல் பிள்ளைகளின் துணி. உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே தடவிவிட்டு, நான்கு விரற்கடைக்கு ஒரு ஊக்கு மாட்டுங்கள். தைப்பதும் நடுவிலிருந்து வெளியேதான். ஓரத்தில் தொடங்கினால் துணியெல்லாம் நடுவுக்கு வந்து மேடு கட்டும்.

நேரம் இல்லாவிட்டால் முழுக்கத் தைக்க வேண்டாம், முடிச்சுப் போடுங்கள். நாலு சதுரம் சந்திக்கிற ஒவ்வொரு இடத்திலும் தடித்த நூலை மேலிருந்து கீழே விட்டு, கொஞ்சம் தள்ளி மேலே எடுத்து, இரண்டு முடிச்சு. ஆறுக்கு ஆறு குயில்ட்டில் இப்படி 25 இடம் வரும். இரண்டு பிள்ளைகளாகச் சேர்ந்து போட்டால் ஒரே பீரியடில் முடிந்துவிடும்.

எத்தனை பீரியட் ஆகும்?

40 நிமிடப் பீரியட் என்றால் எட்டு. துணி தேர்ந்தெடுப்பதற்கு மட்டும் ஒரு முழுப் பீரியட் விடுங்கள். துணிகளைக் குவியலாகக் கொட்டிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். "இது எங்க அம்மாவோட சேலை மாதிரி இருக்கு" என்கிற பேச்சு அங்கேதான் தொடங்கும், பாதிப் படங்கள் அதிலிருந்தே வரும்.

மதிப்பெண் போட வேண்டும் என்கிறார்களே?

போட்டே ஆக வேண்டுமென்றால் தையலின் நேர்த்திக்குப் போடாதீர்கள். வீட்டில் பாட்டி தைத்துக் கொடுத்துவிடுவார். பின்பக்கம் எழுதிய விளக்கத்தைப் பாருங்கள், துணியை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்.

எப்படி மாட்டுவது, எப்படிப் பாதுகாப்பது?

பின்பக்கம் மேல் ஓரத்தில் 4 அங்குல அகலத்துக்குத் துணிக்குழாய் ஒன்று தைத்து, திரைச்சீலைக் கம்பியை அதில் விட்டு மாட்டுங்கள். ஆணி அடித்து மூலையில் தொங்கவிட்டால் சில மாதங்களில் மூலை இழுத்துக்கொண்டு தொய்யும். வெயில் நேராகப் படுகிற சுவர் வேண்டாம், நிறம் போய்விடும். எடுத்து வைக்கும்போது மடிக்காமல் பழைய வேட்டியோடு சேர்த்துச் சுருட்டுங்கள். பூச்சி வராமல் இருக்க வசம்பைத் துணியில் முடிந்து வைக்கலாம், குயில்ட்டில் நேராகப் படக் கூடாது. துவைக்க வேண்டாம், தூசியை மெல்லிய பிரஷால் தட்டினால் போதும்.

வருடம் முடிந்ததும் குயில்ட் யாருக்கு?

தொடங்கும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். சேர்த்துத் தைத்த பிறகு "என் சதுரம் எனக்கு வேண்டும்" என்று அழுதால் பதில் இருக்காது. பள்ளி நூலகத்தில் மாட்டுவது நல்ல ஏற்பாடு. தலைமையாசிரியர் அறையில் மாட்டினால் பிள்ளைகள் யாரும் பார்க்க முடியாது. ஒவ்வொரு சதுரத்தையும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். பின்பக்கத்துப் போட்டோவைக் கட்டாயம் அனுப்புங்கள், முடிச்சுகளோடு.